இருபது இஞ்ச் டிவிக்கு ஒரு வர்ணனை

டிவி இருபது இஞ்ச். பார்க்க வந்தவர்கள் நூறு பேருக்கு மேல். முதல் மூன்று வரிசைக்குத்தான் படம் தெரியும். மற்றவர்களுக்கு முன்னால் இருப்பவனின் பின்மண்டைதான் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பேச்சு வந்ததற்கும், அண்ணனுக்கு நடந்ததற்கும் மூலகாரணம் இந்தக் கணக்குதான்.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பாய் ஒருவர் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் தெருவுக்குத் தெரு அப்படிக் கடைகள் முளைத்துக்கொண்டிருந்தன. பாயின் கடை அதற்கு முன் தையல் கடையாக இருந்தது. நான்கு டிவி, நான்கு கேம் பெட்டி, எட்டு ஜாய்ஸ்டிக், ஒரு சீலிங் ஃபேன். கேசட் ஓடவில்லை என்றால் அதைக் கழற்றி, வாயில் ஊதி, மறுபடி செருக வேண்டும். யார் வேண்டுமானாலும் ஊதலாம். ஆனால் பாய் ஊதினால்தான் ஓடும் என்று எங்கள் எல்லோருக்கும் நம்பிக்கை. பாய்க்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

அண்ணனுக்கு அப்போது பதினேழு வயது. பத்தாவதில் இரண்டு முறை தோற்றவன். சண்டை கேமில் மட்டும் அவனை அந்தக் கடையில் யாரும் ஜெயித்ததில்லை. அதில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வார்கள். ஆளுக்கு மேலே ஒரு மஞ்சள் கோடு இருக்கும். அதுதான் உயிர். அடி விழ விழக் கோடு தேயும், தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அந்த ஆட்களுக்குக் கம்பெனிக்காரன் என்ன பெயர் வைத்திருந்தானோ எங்களுக்குத் தெரியாது. வெள்ளை உடுப்பு போட்டவன் கராத்தே, தலை மழித்தவன் மொட்டை, பின்னல் போட்டவன் சடை. அண்ணன் எப்போதும் கராத்தேயைத்தான் எடுப்பான்.

அப்பா மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டினார். தி.நகர் பாத்திரக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றுவது அவர் வேலை. அண்ணனை ஈக்காட்டுத்தாங்கலில் இரும்பைக் கடைகிற ஒரு லேத் பட்டறையில் சேர்த்துவிட ஏற்பாடு செய்திருந்தார். அங்கே டர்னராக இருந்த அப்பாவின் கூட்டாளி வீட்டுக்கு வந்து, "நல்ல வேலப்பா. பயமே வாணாம். கை மட்டும் கவனமா இருந்தா போதும்" என்று அண்ணனுக்குத் தைரியம் சொன்னார். சொல்லும்போது அவர் நீட்டிய வலது கையில் மூன்று விரல்கள் இருந்தன. அவர் டீ குடித்து முடிக்கும்வரை அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரத்தில்தான் பாய் அறிவித்தார். அடையாறில் எட்டு டிவி வைத்துப் புதுக் கடை போடப்போகிறார். அதைப் பார்த்துக்கொள்ள கேம் தெரிந்த ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஜெயிக்கிறவன் அடையாறு கடையில் உட்காரலாம்.

அண்ணன் அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னான். அப்பா வண்டிச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஜெயிச்சா அடையாறு போ. நான் தடுக்கல. தோத்தா திங்கக்கெழம காலைல ஈக்காட்டுத்தாங்கல். அதுக்கப்புறம் பொட்டி, கேமுன்னு வாயே தொறக்கக் கூடாது."

"சரி நைனா," என்றான் அண்ணன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குப் பதினோரு வயது. ஐந்தாவது வரை படித்தேன். ஆறாவதுக்கு வேறு பள்ளிக்கூடம். அங்கே வாத்தியார் பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று சத்தமாக "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். என் பெயர் வரும்போது தொண்டை பூட்டிக்கொள்ளும். எழுந்து நிற்பேன், வாய் அசையும், சத்தம் வராது. வாத்தியார் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் ஆப்சென்ட் போட்டுவிடுவார். நான் ஒரு நாள் விடாமல் பள்ளிக்குப் போனேன், பதிவேட்டின்படி ஒரு நாளும் போகவில்லை. ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. ஊர் சுற்றுகிறேன் என்று அப்பா அடித்தார். அப்போதும் எனக்குப் பேச்சு வரவில்லை. "அவன் போறான் நைனா, நான்தான் கேட்டு வரைக்கும் கொண்டுபோய் வுடறேன்" என்று அண்ணன் நடுவில் வந்து நின்றான். அவனுக்கும் இரண்டு விழுந்தது. பள்ளிக்கூடத்தில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். என் படிப்பு அத்தோடு சரி.

அதற்குப் பிறகு அண்ணனோடு பாய் கடைக்குப் போவேன். அண்ணன் ஸ்டூலில் உட்காருவான், நான் அவன் காலடியில் தரையில். அங்கிருந்து டிவி தெரியாது, அவன் கைகள்தான் தெரியும். எங்கள் வீட்டு ரேடியோவில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பாஷை பழகியிருந்தது. அதே பாஷையில் அண்ணனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். இடது கட்டைவிரல் கீழே இறங்கினால் தரையோடு காலை வெட்டப்போகிறான். உதட்டை உள்ளே மடித்தால் தாவப்போகிறான். வலது முழங்கை விலாவில் ஒட்டினால் நெருப்பு விடப்போகிறான். டிவியில் நடப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு மேலே இருந்த மொட்டை மாடியில் ஷாமியானா கட்டினார்கள். அப்படியும் வெயிலில் படம் வெளுத்துப்போனது. எனவே ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி டிவியைச் சுற்றி மறைப்பு வைத்தார்கள். படம் தெளிவானது, பார்க்கிற இடம் இன்னும் குறுகியது. மாடிப்படியிலும் கீழே சந்திலும் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். பாய் அதை முன்பே யோசித்து மைக் செட் சொல்லியிருந்தார். கைப்பிடிச் சுவரில் ஒரு குழாய் ஸ்பீக்கர் சந்தைப் பார்த்தபடி கட்டப்பட்டது. மைக் செட் கொண்டு வந்தவரே வர்ணனையும் சொல்வதாக ஏற்பாடு. அவர் கல்யாண வீடுகளில் பேசிப் பழகியவர். கேமைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"செவப்பு அடிக்கிது... வெள்ள அடிக்கிது... இப்ப ரெண்டுமே அடிக்கிது..."

"இன்னா தலைவா, எலெக்‌ஷன் ரிசல்ட்டா படிக்கிற?" என்று படியிலிருந்து ஒருவன் கத்தினான். இரண்டாவது ஜோடி ஆடும்போது கீழே விசில் பறந்தது. யாரோ மேலே ஒரு செருப்பை எறிந்தார்கள். அது ஷாமியானாவில் விழுந்து கடைசிவரை அங்கேயே இருந்தது.

அண்ணன் தன் முதல் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு வந்து பாயிடம் சொன்னான்.

"பாய், எந்தம்பி சொல்லுவான்."

"அரே, அவனா? அவன் பேசி நான் கேட்டதே இல்லியேப்பா."

"எனக்குக் கேட்டுகினுதான் கீது பாய். மூணு மாசமா."

ஓட வழி பார்த்தேன். படி முழுக்க ஆட்கள். அண்ணன் என் தோளைப் பிடித்து மைக்குக்கு முன்னால் நிறுத்தினான். மைக் என் நெற்றிக்கு நேராக இருந்தது. அதை இறக்கிவிட்டான்.

"ஆளுங்கள பாக்காத. ஸ்பீக்கர பாக்காத. என் காதாண்ட சொல்ற மாதிரி சொல்லு. அவ்ளோதான்."

இன்னொரு அரையிறுதியில் வேறு இரண்டு பையன்கள் ஆடினார்கள். மொட்டையும் சடையும். நான் வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றே ஸ்பீக்கரில் புயல் மாதிரி கேட்டது. யாரோ சிரித்தார்கள். நான் அண்ணனின் காதைப் பார்த்தேன். அந்தக் காதில் ஒரு மச்சம் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"இதோ... மொட்டை அவர்கள் மெதுவாக முன்னேறி வருகிறார். சடை அவர்கள் ஒரு மூலையில் ஒதுங்கி, வீட்டுக்காரருக்குப் பயந்த குடித்தனக்காரர் போல நிற்கிறார்..."

சந்தில் சிரிப்பு எழுந்தது. என் குரல் எனக்கே மேலிருந்து கேட்டது. இது யாரோ என்று ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு நிற்கவில்லை. மொட்டை தோற்றபோது, "தலையிலும் முடி இல்லை, கோட்டிலும் உயிர் இல்லை, மொட்டை அவர்கள் விடைபெறுகிறார்" என்றேன். கீழே கைதட்டினார்கள். மைக் செட்காரர் எனக்கு ஒரு கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்.

கடைசி ஆட்டத்தில் அண்ணனுக்கு எதிராக வந்தவன் ராஜா அண்ணாமலைபுரத்துப் பையன். சடையை ஆடி ஜெயித்தவன். பத்தொன்பது இருபது வயது இருக்கும். கண்ணாடி போட்டிருந்தான். அதிகாலையில் பால் போடுகிற வேலை செய்துகொண்டிருந்தான். அவனுக்கும் அடையாறு கடை வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தான்.

பாய் என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "இது உன் அண்ணன் மேட்ச். கட்சி கட்டக் கூடாது. நடக்கறத நடக்கற மாதிரி சொல்லணும், புரியுதா?"

நான் தலையாட்டினேன். ஐந்து ஆட்டம். மூன்று ஜெயித்தவனுக்கு அடையாறு.

முதல் ஆட்டம் அண்ணனுக்கு. நான் டிவியைப் பார்த்து, நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மைக் நின்ற இடத்திலிருந்து டிவி சாய்வாகத்தான் தெரிந்தது. அண்ணனின் கைகள் நேராகத் தெரிந்தன. இரண்டாவது ஆட்டத்தில் என் கண் தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

"இதோ, கராத்தே அவர்கள் தாவப்போகிறார்... தாவினார்!"

"டேய், சொன்ன மாரியே பண்றான்டா!"

"இப்போது நெருப்பு வரும் பாருங்கள்... வந்தது!"

மாடி ஆடியது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. அவன் முழங்கை விலாவில் ஒட்டும்போதே "நெருப்பு" என்றேன். கட்டைவிரல் இறங்கும்போதே "காலை வெட்டுகிறார்" என்றேன். நான் சொல்லச் சொல்லக் கண்ணாடிக்காரன் தடுத்துக்கொண்டே வந்தான். அவன் டிவியைப் பார்த்து ஆடவில்லை, ஸ்பீக்கரைக் கேட்டு ஆடுகிறான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அண்ணனின் கோடு தேய்ந்து தீர்ந்தது. ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவது ஆட்டத்தில் அண்ணன் வேறு ஆளாக ஆடினான். உதட்டை மடித்தான். "தாவப்போகிறார்" என்றேன். தாவாமல் உட்கார்ந்து காலை வெட்டினான். தாவலுக்குத் தயாராக இருந்த கண்ணாடிக்காரன் விழுந்தான். முழங்கையை ஒட்டினான். "நெருப்பு" என்றேன். நெருப்பு வரவில்லை, கிட்டே போய்த் தூக்கிப் போட்டான். நான் சொன்ன ஆறில் ஒன்றுகூட நடக்கவில்லை. அண்ணன் சுலபமாக ஜெயித்தான். இரண்டுக்கு ஒன்று. இன்னும் ஒன்று ஜெயித்தால் அடையாறு.

ஆனால் ஜனங்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாடா ஒளர்ற?"

"சோடா குட்ச்சதும் ஏறிடுச்சு போல!"

"மைக்க புடுங்குடா அவன்கிட்டேர்ந்து!"

கீழிருந்து, படியிலிருந்து, மாடியிலிருந்து ஒரே சிரிப்பு. என் தொண்டை பூட்டிக்கொண்டது. பெயர் கூப்பிட்டு, எழுந்து நின்று, சத்தம் வராமல் நின்ற அதே பூட்டு. வாய் அசைந்தது. ஸ்பீக்கரில் கொய்ங் என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. மைக் செட்காரர் எழுந்து வந்து, "குடு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று கையை நீட்டினார்.

அண்ணன் ஸ்டூலில் இருந்தபடியே திரும்பி என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று தெரியாது. பாய் அடுத்த ஆட்டத்துக்குப் பட்டனை அழுத்தக் காத்திருந்தார். அண்ணன் ஒரு தடவை டிவியைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"அவன்கிட்டயே இருக்கட்டும்ணா," என்று மைக் செட்காரரிடம் சொன்னான். பிறகு என்னிடம், "டேய், நீ கரெக்டாதான் சொன்ன. நான்தான் தப்பா ஆடிட்டேன். சொல்லு."

நான்காவது ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரம் எனக்குச் சத்தமே வரவில்லை. அண்ணன் ஆடவும் இல்லை. கராத்தே மூலையில் தடுத்தபடி அடி வாங்கிக்கொண்டு நின்றது. மச்சத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை வந்தது.

"தாவுகிறார்."

தாவினான்.

"நெருப்பு."

வந்தது.

"டேய், மறுபடி சொல்றான்டா!" என்று படியில் ஒருவன் கத்தினான். நான் மூச்சு வாங்கிக்கொண்டேன். "காலை வெட்டுகிறார்" என்றேன். வெட்டினான். எல்லாம் நடந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. குரல் பெருகிக்கொண்டு வந்தது. பழைய ரேடியோ பாஷையும் வந்துவிட்டது. அந்த ஆட்டத்தை அண்ணன் தோற்றான். இரண்டுக்கு இரண்டு.

ஐந்தாவது ஆட்டத்தில் மாடியில் யாரும் உட்காரவில்லை. கண்ணாடிக்காரனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் நன்றாகவே ஆடினான், ஆனால் அவசரத்தில் சில அடிகளைத் தவறவிட்டான். இரண்டு கோடுகளும் ஒன்றாகவே தேய்ந்தன. நான் அண்ணனின் கைகளைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் மட்டும் விநோதமாக இருந்தது. முன்பெல்லாம் கை முதலில் அசையும், பிறகு நான் சொல்வேன். இப்போது நான் சொன்ன பிறகு கை அசைந்தது. நான் வர்ணனையில் தேறிவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் இரண்டு பேருக்கும் கோட்டில் ஒரு நூல் அளவுதான் மிச்சம். யார் அடித்தாலும் முடிந்தது. கராத்தே ஒரு பக்கம், சடை ஒரு பக்கம். யாரும் நகரவில்லை. பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அண்ணனின் இடது கட்டைவிரல் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.

எனக்கு அந்த இடத்தில் ஒரு பெரிய முடிவு வேண்டியிருந்தது. காலை வெட்டினான் என்று ஒரு பெரிய ஆட்டத்தை முடிக்க மனம் வரவில்லை.

"இதோ!" என்று கத்தினேன். "கராத்தே அவர்கள் வானத்தில் பாய்ந்து உதைக்கப்போகிறார்!"

கட்டைவிரல் பாதியில் நின்றது. நான் பார்த்தேன். நின்று, மேலே போனது. உதட்டை அவன் மடிக்கவே இல்லை. கராத்தே பாய்ந்தது. சடை அதற்காகவே காத்திருந்த மாதிரி கையை மேலே குத்தியது.

முடிந்தது.

மாடி வெடித்தது. கண்ணாடிக்காரனை நான்கு பேர் தூக்கினார்கள். என்னை ஆறு பேர் தூக்கினார்கள். "சொன்னான் பார்ரா! கடசி அடி வரைக்கும் சொன்னான் பார்ரா!" என்று சந்து முழுக்கப் பேச்சு. பாய் என் கன்னத்தைக் கிள்ளி, "சபாஷ்! எங்கடா வெச்சிருந்த இந்தக் கொரல?" என்றார். மேலே இருந்தபடி அண்ணனைத் தேடினேன். அவன் கேம் பெட்டியின் ஒயர்களைச் சுருட்டிப் பாயிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரன் இறங்கி வந்து அவன் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தான். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு அவன் முதுகில் தட்டினான்.

வீட்டுக்குப் போகும்போது அண்ணனின் கூட்டாளி ஒருவன் எங்களோடு வந்தான். குளத்தங்கரை வந்ததும் அவன் நின்றுவிட்டான்.

"மச்சி, உனக்கு இன்னா பைத்தியமா? அந்தக் கண்ணாடி இவன் சொல்றத கேட்டுதான ஆட்றான். மூணாவதுல கண்டுபுட்ச்சி நல்லா ஏமாத்தின இல்ல? அப்டியே ஆடிட்டுப் போறத வுட்டுட்டு, இவன் இன்னா சொல்றானோ அத்தையே செஞ்சிகினு கீற!"

"வுடு மச்சி."

"இன்னா வுடு? அடையாறு போச்சேடா!"

"வுட்றான்னா."

கூட்டாளி என்னை முறைத்துவிட்டுப் போனான். நான் சொன்னதையே அண்ணன் செய்தான் என்று அவன் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். வழி நெடுக, எதிரே வந்த சைக்கிளுக்கும், பூ கட்டுகிறவர்களுக்கும், படுத்திருந்த மாட்டுக்கும் வர்ணனை சொல்லிக்கொண்டே வந்தேன். அண்ணன் நடுநடுவே சிரித்தான். வீட்டில் அப்பா யார் ஜெயித்தது என்று கேட்டார். நான் அண்ணனுக்கு முந்திக்கொண்டு, ஐந்து ஆட்டத்தையும் அடிக்கு அடி சொன்னேன். அப்பா வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தார். அண்ணன் தோற்ற விஷயம் அந்தச் சத்தத்தில் சின்னதாகப் போய்விட்டது. அம்மா மட்டும் அண்ணனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

மறுநாள் காலை நான் எழுந்திருக்கும்போது அண்ணன் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போய்விட்டிருந்தான். தெருவில் பையன்கள் என்னை நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாயடிச் சண்டைக்கு நான் வர்ணனை சொன்னபோது, சண்டை போட்டவர்களே குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணன் வந்தான். லேத்திலிருந்து தெறித்த இரும்புச் சுருள் அவன் உள்ளங்கையிலும் விரல்களிலும் பொடிப்பொடியாக ஏறியிருந்தது. அம்மா அவனைப் பல்பின் கீழே உட்கார வைத்து, ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். நான் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை மைக் மாதிரி வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டேன்.

"இதோ, ஊசி இறங்குகிறது. கட்டைவிரலை நெருங்குகிறது. அண்ணன் அவர்கள் கண்ணை மூடப்போகிறார்..."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நான் கைதட்டினேன்.